விண்ணப்பத்தின் முதல் வரி: பெயரும் தொழில் வாய்ப்பும்

சுயவிவரக்கோவையின் முதல் வரியில் இருப்பது பெயர். பரீட்சைப் பெறுபேறு, பயிற்சி, அனுபவம் எல்லாம் அதற்குக் கீழேதான் வரும். வாசிக்கிறவரின் கண் மேலிருந்து கீழே இறங்குவதற்குள் பெயர் தன் வேலையைத் தொடங்கி விடுகிறது. தகுதியில் சமமான இரண்டு பேர், இருப்பதோ ஓர் இடம், பெயர் மட்டும் வேறு என்றால் தெரிவு எந்தப் பக்கம் சாய்கிறது? ஊகத்தாலும் மனத்தாங்கலாலும் மட்டும் இதற்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை இன்று இல்லை. எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணிய விதத்தையும், அது அப்புத்தளை போன்ற ஒரு மலைநகரத்துப் பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் என்னவெல்லாம் சொல்கிறது

நம் நாட்டில் பெயர் என்பது அழைப்பதற்கான சொல் மாத்திரமல்ல. இனம், மதம், தாய்மொழி, சில வேளை ஊர், சில வேளை சாதி என்று ஒரு மூட்டையையே அது சுமந்து வருகிறது. முதலெழுத்துகளாகச் சுருக்கினாலும் அந்த மூட்டை இறங்குவதில்லை. எங்கட ஊவாவில் ஒரு பெயர் டி.எம். என்றோ ஆர்.எம். என்றோ தொடங்கினால், திசாநாயக்க முதியன்சலாகே, ரத்நாயக்க முதியன்சலாகே என்று சிங்கள வாசகமப் பெயராக விரியும் என்பது எல்லாருக்கும் தெரியும். எம்.ஐ.எம்., ஏ.எல்.எம். என்று 'எம்' எழுத்தில் முடிந்தால் பின்னால் வருபவர் முஸ்லிம் என்று பெயரைப் பார்க்காமலே சொல்லி விடுவார்கள். எம்.எஃப். என்றால் பெரும்பாலும் முஹம்மதின் மகளான ஒரு பாத்திமா. ஒற்றை முதலெழுத்தும் அதன் பின்னே முருகையாவோ லெட்சுமியோ வந்தால் தமிழர். அடுத்த வரியில் முகவரியாக ஒரு தோட்டத்தின் பெயரும் 'மேற்பிரிவு', 'கீழ்ப்பிரிவு' என்ற சொல்லும் இருந்தால் மலையகத் தமிழர் என்று முடிவாகிவிடும். அந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் என்ன சித்தி எடுத்தது என்பது அதுவரை ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது.

போதாததற்கு, மதம், இனம், சிவில் நிலை, தகப்பனின் பெயர் ஆகியவற்றை நாமே வரிசையாக எழுதிக் கொடுக்கிறோம். ஒரு புகைப்படத்தையும் ஒட்டுகிறோம். கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் இப்படி எழுதி அனுப்புவது நம்மிடையே ஒரு வழக்கமாகவே ஊறிப் போயிருக்கிறது.

எண்ணிப் பார்த்தவர்கள்

வேலை கிடைக்காத ஒருவர் 'என் பேரால்தான்' என்று சொன்னால், 'உங்கள் தகுதி போதாது' என்று மறுமொழி சொல்லலாம். இரண்டையும் நிரூபிக்க முடியாது. இந்தச் சிக்கலை அவிழ்க்க ஆய்வாளர்கள் ஓர் எளிய வழியைக் கண்டார்கள். ஒரே தகுதியுள்ள கற்பனை விண்ணப்பங்களைத் தயாரித்து, பெயரை மட்டும் மாற்றி, உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்புவது. எந்தப் பெயருக்கு எத்தனை அழைப்பு வருகிறது என்று எண்ணுவது. மற்றதெல்லாம் சமமாக இருக்கும்போது வருகிற வித்தியாசத்துக்குப் பெயரைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம்.

நமக்கு மிக அருகில் நடந்த பெரிய ஆய்வு இந்தியாவில் சுகதேவ் தோராட், பால் அட்டவெல் ஆகிய இருவர் செய்தது. 2007 ஒக்டோபரில் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வெளிவந்தது. 66 வாரங்களாக நாளிதழ்களில் வந்த 548 தனியார் துறை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின. உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர் என்று மூன்று வகை. தகுதி சமம். முடிவில், அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் சாத்திய விகிதம் உயர்சாதிப் பெயருக்கு 1 என்றால், தலித் பெயருக்கு 0.67 ஆகவும் முஸ்லிம் பெயருக்கு 0.33 ஆகவும் இருந்தது.

இந்த எண்ணைச் சரியாக வாசிக்க வேண்டும். சாத்திய விகிதம் என்பது அழைக்கப்பட்டவர்களுக்கும் அழைக்கப்படாதவர்களுக்கும் இடையிலான விகிதம். ஓர் உதாரணக் கணக்காக, உயர்சாதிப் பெயருள்ள 100 பேரில் 10 பேருக்கு அழைப்பு வருகிறது என்று வைத்துக் கொள்வோம். அப்போது அதே தகுதியுள்ள 100 தலித் பெயர்களில் ஏறக்குறைய 7 பேருக்கும், 100 முஸ்லிம் பெயர்களில் மூன்று நான்கு பேருக்கும்தான் அழைப்பு வரும்.

2022இல் இந்தியாவின் லெட்பை அறக்கட்டளை முஸ்லிம் பெண்களை மட்டும் கவனத்தில் எடுத்து ஓர் ஆய்வை வெளியிட்டது. ஹபீபா அலி, பிரியங்கா சர்மா என்ற இரண்டு கற்பனைப் பெயர்கள், ஒரே தரமான சுயவிவரங்கள். புகைப்படம் கிடையாது. பத்து மாதங்களில் 1,000 ஆரம்பநிலை வேலைகளுக்கு இருவர் பெயரிலும் விண்ணப்பம் போனது. பிரியங்காவுக்கு 208 சாதகமான பதில்கள். ஹபீபாவுக்கு 103. முகம் தெரியாது, முக்காடு தெரியாது, பேச்சும் கேட்கவில்லை. எழுத்தில் இருந்த ஒரு பெயர் வாய்ப்பைப் பாதியாகக் குறைத்திருக்கிறது.

இது இந்தியாவின் தனி நோய் அல்ல. அமெரிக்காவில் மரியான் பெர்ட்ராண்டும் தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதனும் பொஸ்டன், சிகாகோ நகரங்களில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பேர் பெற்றது. வெள்ளையர் பெயருக்கு ஓர் அழைப்பு கிடைக்க 10 விண்ணப்பம் போதுமாயிருந்தது. கறுப்பினத்தவர் பெயருக்கு 15 தேவைப்பட்டது. பிரான்சில் 2009இல் நடந்த சோதனை இன்னும் நுணுக்கமானது. செனகல் வம்சாவளிப் பெண்கள் இருவர். இருவருக்கும் குடும்பப் பெயர் தியூஃப். ஒருத்தி மரி, கிறிஸ்தவப் பெயர். மற்றவள் கதீஜா. மரிக்கு 100க்கு 21 அழைப்பு, கதீஜாவுக்கு 8. வம்சாவளியும் குடும்பப் பெயரும் தகுதியும் ஒன்றாய் இருந்ததால், இடைவெளியை மதத்தின் கணக்கில்தான் எழுத வேண்டியிருந்தது.

மறுபக்கத்தையும் சொல்வது நியாயம். தில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் 371 வேலைகளுக்கு 3,160 விண்ணப்பங்களை அனுப்பி 2009இல் வெளியான ஓர் ஆய்வில், மென்பொருள் வேலைகளில் சாதிப் பெயராலோ முஸ்லிம் பெயராலோ குறிப்பிடத்தக்க பாகுபாடு காணப்படவில்லை. வாடிக்கையாளரோடு பேசும் அழைப்பு நிலைய வேலைகளில்தான் சாதிப் பெயர்களிடையே வித்தியாசம் தெரிந்தது. அமெரிக்காவில் 108 பெரிய நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 83,000 விண்ணப்பங்களை அனுப்பிய, 2022இல் வெளிவந்த ஆய்வும் ஒரு விடயத்தைத் தெளிவாக்கியது. இழந்த அழைப்புகளில் சுமார் பாதிக்கு அந்த நிறுவனங்களில் ஐந்தில் ஒரு பங்கே காரணம். ஆகவே 'எல்லாரும் நம்மை ஒதுக்குகிறார்கள்' என்ற பேச்சும் சரியல்ல, 'எங்கும் அப்படி இல்லை' என்ற பேச்சும் சரியல்ல. திறமையை அளந்து பார்க்க வழியுள்ள வேலைகளில் பெயரின் கனம் குறைகிறது போலும். 'ஆள் எப்படி' என்று ஊகிக்க வேண்டிய வேலைகளில் அது கூடுகிறது.

ஏன் இப்படி?

பொருளியலார் இதற்கு இரண்டு விளக்கம் தருகிறார்கள். 1957இல் கேரி பெக்கர் எழுதிய நூல் முதல் விளக்கத்தைத் தந்தது: சிலருக்கு ஒரு கூட்டத்தாரோடு சேர்ந்து வேலை செய்யவே விருப்பமில்லை, அந்த வெறுப்புக்காக நட்டப்படவும் அவர்கள் தயார். இரண்டாவது விளக்கத்தை 1972இல் எட்மண்ட் ஃபெல்ப்ஸ் முன்வைத்தார். வெறுப்பே இல்லாத முதலாளியும் பாகுபாடு காட்டலாம். எதிரிலிருக்கும் ஆளைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. எனவே அந்த ஆளின் கூட்டத்தைப் பற்றித் தாம் நினைத்து வைத்திருப்பதை அவர் மேல் ஏற்றிப் பார்க்கிறார். 'முஸ்லிம் பிள்ளை கல்யாணம் கட்டினால் வேலையை விட்டு விடும்', 'தோட்டத்துப் பொடியன் தீபாவளிக்குப் போனால் திரும்பி வர மாட்டான்' என்று நாம் கேட்டிருக்கும் பேச்செல்லாம் இந்த இரண்டாவது வகை. சொல்பவர் அதை அனுபவம் என்பார். ஆனால் அது வேறு யாரையோ பற்றிய அனுபவம். விண்ணப்பித்த பிள்ளை இன்னும் ஒரு நாள்கூட அவரிடம் வேலை செய்யவில்லை.

இந்த இடத்தில் எனக்கு வள்ளுவர் நினைவுக்கு வருகிறார். பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம், ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கே எழுதியது. ஒருவரின் குணத்தையும் குற்றத்தையும் நிறுத்துப் பார்த்து மிகுதியானதைக் கொள்ளச் சொல்கிறது. ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவர் செய்த காரியத்தையே உரைகல்லாக வைக்கிறது. அன்பு காரணமாக அறிவில்லாதவரைத் தெரிவு செய்வதைப் பேதைமை என்கிறது. அதே அதிகாரத்தில் சுற்றமற்றவரை நம்பாதே, பழிக்கு நாண மாட்டார் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. தனி ஆளைப் பற்றித் தெரியாதபோது அவர் பின்னணியை வைத்துக் கணிப்பது எவ்வளவு பழைய பழக்கம் என்பதற்கு அதுவே சான்று.

'தகுதி சமம் என்றால் யாரை எடுத்தால் என்ன, எப்படியும் ஒருவருக்குத்தானே கிடைக்கும்' என்று கேட்கலாம். ஒரு தடவை என்றால் அது சரி. தராசின் இரு தட்டும் சமமாக நிற்கும்போது சாய்க்க ஒரு குன்றிமணி போதும். அந்தக் குன்றிமணி எப்போதும் ஒரே தட்டில் விழுந்தால்? நூறு தடவை சமமான இருவர் வந்தால் நூறு தடவையும் ஒரே பக்கம்தான் வெல்லும். முதல் வேலை கிடைக்காதவருக்கு அனுபவம் இல்லை. அடுத்த விண்ணப்பத்தில் அவர் சமமானவராகவும் இல்லை. சிறிய சாய்வு இப்படித்தான் சில வருடங்களில் பெரிய இடைவெளியாகிறது. அதன் பிறகு அந்த இடைவெளியையே காட்டி, 'பாருங்கள், அவர்களில் தகுதியானவர்கள் குறைவு' என்று சொல்வதும் சுலபமாகி விடுகிறது.

எங்கட ஊரில்

அப்புத்தளையில் என் உயர்தர வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் ஒரே வாங்கில்தான் உட்காருகிறார்கள். பெறுபேறு வந்ததும் விண்ணப்பம் எழுத உதவி கேட்டு வருவார்கள். 'சேர், பேரைச் சுருக்கி எழுதவா?', 'தோட்டத்து அட்ரஸைப் போடாமல் பண்டாரவளையில் மாமாட அட்ரஸைப் போடவா?' என்ற கேள்விகள் வருடா வருடம் வருகின்றன. ஒரு மாணவி கணக்கியலில் ஏ சித்தி, கணினிப் பயிற்சியும் முடித்தவள், ஒரு தனியார் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாள். பதிலே வரவில்லை. அதே சித்திகளோடு அதே நாளில் அனுப்பிய அவளது சிநேகிதிக்கு அழைப்பு வந்தது. பெயர்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒற்றைச் சம்பவத்தை வைத்து யாரும் அப்படிச் சொல்ல முடியாது. இந்த நோயின் கொடுமையே அதுதான். பாதிக்கப்பட்டவருக்குக் கடைசி வரை நிச்சயமாகத் தெரிவதில்லை. 2015 மே மாதம் மும்பையில் முகாமைத்துவப் பட்டம் பெற்ற முஸ்லிம் இளைஞர் ஒருவருக்கு, முஸ்லிம் அல்லாதவர்களையே எடுக்கிறோம் என்று ஒரு வைர ஏற்றுமதி நிறுவனம் மின்னஞ்சலில் எழுதியே அனுப்பியது. அது நாடறிந்த செய்தியானதற்குக் காரணம், அப்படி எழுதிக் கொடுப்பவர்கள் அபூர்வம். மற்றவர்கள் பதிலே போடுவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் விளம்பரம் வந்த வேலைகளைப் பற்றியவை. எங்கட கடைத்தெருவில் விளம்பரம் ஏது? 'நல்ல பொடியன் ஒருத்தன் இருந்தால் சொல்லுங்க நானா' என்பதுதான் விளம்பரம். சொல்லப்படுகிறவன் சொல்பவரின் சொந்தக்காரனாகவோ, பள்ளிவாசலில் அல்லது கோயிலில் அல்லது விகாரையில் காணும் முகமாகவோ இருப்பான். மலையகத்துக்கு இது புதிதல்ல. 1890இல் தோமஸ் லிப்டன் இந்த மலைகளில் தோட்டங்களை வாங்கிய காலத்தில், தொழிலாளரைத் திரட்டிக் கொண்டு வந்தவர்கள் கங்காணிகள். அவர்கள் தம் ஊர், தம் உறவு, தம் சாதி என்று பார்த்தே ஆள் சேர்த்தார்கள். அந்தக் கங்காணி முறை போய்விட்டது, 'நம்மட ஆள்' என்ற முறை போகவில்லை. இதில் யாரும் யாரையும் வெறுக்க வேண்டியதில்லை. எல்லாரும் தம் ஆளை நேசித்தாலே போதும், வெளியே நிற்பவனுக்குக் கதவு மூடித்தான் இருக்கும்.

சட்டம் எதுவரை

நமது அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் ஆகியவற்றால் எந்தப் பிரஜைக்கும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மீறலுக்காக 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போவதென்றால், மீறல் அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலாக இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் மனுச் செய்யவும் வேண்டும். அரச நியமனத்தில் அநீதி நடந்தால் இந்த வழி இருக்கிறது. தனியார் கம்பனியின் ஆட்சேர்ப்பு இதற்குள் வராது. 12(3) கடை, உணவகம், ஹோட்டல் போன்ற இடங்களில் நுழைவதற்குத் தடை இருக்கக் கூடாது என்கிறது. அதாவது கடைக்குள் சாமான் வாங்கப் போக எல்லாருக்கும் உரிமை உண்டு. கல்லாவுக்குப் பின்னால் யார் நிற்கலாம் என்பதை அது பேசவில்லை. தொழிலில் பாகுபாட்டைத் தடுக்கும் சர்வதேச தொழில் தாபனத்தின் 111ஆம் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றுக் கொண்டது. அந்தச் சமவாயம் தொழில் பெறும் கட்டத்தையும் உள்ளடக்குகிறது. ஏற்றுக் கொண்டதைத் தனியார் துறை வரை கொண்டு போகும் சட்டத்தைக் கேட்பது நம் பிரதிநிதிகளிடம் வைக்கத்தக்க நியாயமான கோரிக்கை.

பரீட்சை மண்டபம் கற்றுத் தரும் பாடம்

ஆசிரியர்களுக்கு இதற்கு மருந்து தெரியும். சாதாரண தரம், உயர்தரம் இரண்டிலும் விடைத்தாளில் பெயர் எழுதக் கூடாது. சுட்டெண் மட்டும்தான். திருத்துகிறவருக்கு அது கதீஜாவா, குமாரியா, கலைச்செல்வியா என்று தெரியாது. திருத்துபவர்கள் கெட்டவர்கள் என்பதற்காக அல்ல, நல்லவர்களுக்கும் கண் உண்டு என்பதற்காகவே அந்த ஏற்பாடு. முதற்கட்டத் தெரிவில் பெயர், மதம், புகைப்படம், முகவரி ஆகியவற்றை மறைத்துச் சுட்டெண் கொடுப்பது ஒரு சிறிய கம்பனிக்கும் கடினமான காரியமல்ல.

ஆனாலும் மறைப்பது மட்டும் போதாது. பிரான்சில் 2009, 2010இல் பெயர் மறைத்த விண்ணப்பங்களைச் சோதித்தபோது எதிர்பாராத முடிவு வந்தது. சிறுபான்மையினருக்கு வாய்ப்பு கூடவில்லை, குறைந்தது. அந்தச் சோதனைக்குத் தாமாக முன்வந்த நிறுவனங்கள் ஏற்கனவே சிறுபான்மையினருக்குச் சாதகமாக நடந்தவை. பெயர் மறைந்ததும் அந்தக் கரிசனைக்கும் இடமில்லாமல் போனது. ஆகவே மறைப்போடு அளவுகோலும் வேண்டும். விண்ணப்பங்களைத் திறக்கும் முன்பே எதற்கு எத்தனை புள்ளி என்று எழுதி வைப்பது, நேர்முகப் பரீட்சையில் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது, ஒவ்வொருவரும் தனித்தனியே புள்ளி போட்ட பின்பே கூடிப் பேசுவது, முடிந்தால் வேலையையே ஒரு மணித்தியாலம் செய்யக் கொடுத்துப் பார்ப்பது. இவ்வளவும் செய்த பின்னும் இருவர் சமமாக நின்றால் சீட்டுக் குலுக்கிப் போடலாம். சிரிக்க வேண்டாம். சீட்டுக்கு யாருடைய பெயரும் பிடிக்காமல் இருப்பதில்லை.

விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கேட்காத இடத்தில் மதம், இனம், புகைப்படம் கொடுக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கல்விச் சான்றிதழ் மூன்றிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திறமையைக் காட்டும் விபரத்தை முதல் பக்கத்தின் மேல்பாதியிலேயே வையுங்கள். பெயரை மாற்ற வேண்டாம். வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயரில் திருத்த வேண்டியது எதுவும் இல்லை.

நம்மட கடைகளில்

கடைசியாக நம்மைப் பற்றி. அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் பதுளையிலும் நம்மவர்கள் முதலாளிகளாகவும் இருக்கிறார்கள். முருகையாவின் மகனும் திசாநாயக்கவின் மகளும் நம் கடைக்கு வேலை கேட்டு வரும்போது நாம் எந்த வரியை முதலில் வாசிக்கிறோம்? 'நம்பிக்கைக்கு நம்ம பிள்ளைதான்' என்ற பேச்சை நம் வீடுகளில் கேட்காதவர் யார்? கதீஜாவுக்கு நடந்ததை அநீதி என்று சொல்கிற வாய், இதற்குப் 'பழக்கம்' என்று வேறு பெயர் வைக்க முடியாது.

அல்குர்ஆனில் கூலிக்கு ஆள் அமர்த்துவது பற்றிய ஓர் இடம் உண்டு. அல்கஸஸ் அத்தியாயத்தின் 26ஆம் வசனம். மத்யன் ஊருக்கு அகதியாக வந்த மூஸா நபியை வேலைக்கு வைக்கும்படி ஒரு பெண் தன் தந்தையிடம் சிபாரிசு செய்கிறாள். வந்தவர் அந்நியர். ஊரும் வேறு, குலமும் வேறு. அவள் சொன்ன தகுதி இரண்டு: வலிமை, நம்பகம். இரண்டையும் கிணற்றடியில் அவர் நடந்து கொண்ட விதத்தில் அவள் பார்த்திருந்தாள். மக்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரை ஒருவர் அறிந்து கொள்ள என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் சொல்வதும் நமக்குப் பாடம்தான். அறிந்து கொள்ள வைத்த அடையாளத்தை ஒதுக்கி வைக்கப் பயன்படுத்துவது அதன் நோக்கத்துக்கே எதிர்.

பண்டிகைக் காலத்தில் நம் கடைகளுக்கு ஆள் தேவைப்படும். இந்த முறை 'சொல்லி வைப்பதோடு' நிறுத்தாமல், மூன்று மொழியிலும் ஒரு சிறிய அறிவித்தலைக் கடை வாசலில் ஒட்டிப் பார்க்கலாம். வருகிறவர்களுக்கு இலக்கம் கொடுத்து, ஒரே கணக்கையும் ஒரே வேலையையும் கொடுத்து, புள்ளி போட்ட பிறகு பெயரைக் கேட்கலாம். அதற்குச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.